ஐந்தாவது ஆள்

பொழுது விடியுமுன்பே பாய்லர் உறுமத் தொடங்கிவிடும். அந்தச் சலவை ஆலைக்குள் சூரியனுக்கு முன்னால் சூடு வந்துவிடும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் ஆளுயரத் தொட்டிகளில் புரண்டு, வெளுத்து, பிழிபட்டுத் தள்ளுவண்டிகளில் வந்து விழும். ஈர விரிப்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் துணியின் கனம் தெரியும். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து உதறி, கொதிக்கும் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். உருளை அதை இழுத்து, அழுத்தி, உலர்த்திப் பின்பக்கம் தள்ளும். அங்கே இரண்டு பேர் சுடச்சுடப் பிடித்து மடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் நெடியில் கண் எந்நேரமும் கலங்கியே இருக்கும். கைரேகை பார்க்கிறவன் அங்கே கடை போட்டால் பட்டினிதான் கிடக்க வேண்டும். யார் விரலிலும் ரேகை மிச்சமில்லை.

இதையெல்லாம் மாடிப்படிக்கு மேலிருந்த கண்ணாடி அறையில் நின்று மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைவிட, வெந்துகொண்டிருந்தான் என்பதுதான் சரி.

ஓர் உருளைக்கு ஐந்து பேர். நான்கு பேர் வேலை செய்தால் ஐந்தாவது ஆள் பின்கதவருகே கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்திருப்பார். ஒரு வண்டித் துணி தீர்ந்ததும் எழுந்து வந்து அடுத்தவர் தோளைத் தட்டுவார். தட்டப்பட்டவர் போய் உட்காருவார். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘காத்து’. பின்கதவு வழியாகத்தான் அந்தக் கூடத்துக்குள் கொஞ்சம் காற்று வரும். “இப்ப உன் காத்து, போ” என்பார்கள். “என் காத்தையும் அவளுக்கே குடுங்க. புள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா முழிச்சிருந்திருக்கா” என்பார்கள். காசைக்கூட அப்படித் தாராளமாகக் கைமாற்றிக்கொள்ளும் மனிதர்களை அவன் பார்த்ததில்லை.

மேனேஜருக்கு இதைக் கண்டால் ஆகாது. வேலை என்றால் ஒரு பயபக்தி வேண்டும் என்பது அவன் கொள்கை. ஆலைக்கு முதலில் வருகிறவன் அவன்; கடைசியில் பூட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான். காய்ச்சலோடு வந்திருக்கிறான், கல்யாண நாளன்றும் வந்திருக்கிறான். இவர்களோ மணி அடிக்கும்போது சரியாக உள்ளே நுழைவார்கள், மணி அடிக்கும்போது சரியாக வெளியே போவார்கள். போகும்போதும் சும்மா போவதில்லை. கூட்டமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு போவார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

சோற்று நேரம் இன்னும் கொடுமை. கீழே வட்டமாக உட்கார்ந்து, இன்னார் டப்பா இன்னாருடையது என்ற கணக்கே இல்லாமல் கை நீட்டிச் சாப்பிடுவார்கள். மேலே மின்விசிறிக்கு அடியில் இவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் மனைவிக்குக் கைமணம் உண்டு. ஆனால் அவன் டப்பாவில் கைவைக்க ஒரு நாதியில்லை.

எல்லாரையும்விட நெட்டையைக் கண்டால்தான் அவனுக்கு வயிறு எரியும். நெட்டையும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே உருளைக்கு முன்னால் ஆளுக்கொரு முனை பிடித்து வருடக்கணக்கில் நின்றவர்கள். மேனேஜர் வேலை காலியானபோது, நேரத்துக்கு முன்னாலேயே வருகிறவன் என்று இவனை முதலாளி மேலே ஏற்றினார். அன்றிலிருந்து நெட்டை இவனை “சார்” என்றான். மரியாதைக்குத்தான் சொன்னான், கேலியாகக்கூட இல்லை. அந்தச் ‘சார்’ உருளையைவிட அதிகமாகச் சுட்டது.

நெட்டையிடம் அப்படி என்ன இருக்கிறது? பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவன். ஆனால் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒருநாள் மேனேஜர் வீடு திரும்பியதும் அவன் மனைவியே சொன்னாள்: “குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணிங்க. நல்லவேளை, உங்க நெட்டை அந்த வழியா வந்தாரு. சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு.” அன்று இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரைத்தான் வளைத்துப்போட்டான் என்றால், என் வீட்டுக் குழாயையுமா?

அப்புறம் ஒருநாள் இவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண்ணாடி அறையில் மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தான். ஒருவரும் மேலே வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதே நாளில் கீழே, எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதால் ‘கொட்டாவி’ என்றே பெயரெடுத்த மடிப்புக்காரனுக்குத் தலைவலி. நான்கு பேரும் தங்கள் காத்தை அவனுக்கே கொடுத்துவிட்டு, மாறி மாறி அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். பகல் முழுக்க ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தான் கொட்டாவி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்த மேனேஜருக்கு நெஞ்சு காந்தியது. எனக்குத் தலை வலித்தால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தான். அந்த நினைப்பு ஒரு நிமிடத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டது: இவர்களுக்கு வேலையில் அக்கறை இல்லை.

நேராக முதலாளியிடம் போனான்.

“ஐயா, நம்ம ஆளுங்களுக்கு வேலையில ஒரு அக்கறையும் இல்ல. எப்பப் பாத்தாலும் மெஷினுக்கு ஒருத்தர் உக்காந்திருக்காங்க.”

முதலாளி தலை நிமிர்ந்தார். “எப்பவுமா?”

“எப்பவும் ஐயா.”

“அதனால சரக்கு குறையுதா?”

மேனேஜர் தயங்கினான். “இல்லீங்க... அது குறையல.”

முதலாளி முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. “அப்ப நாலு பேரே போதும்னு சொல்லு.”

“நான் அப்படிச் சொல்ல வரலீங்க. கூப்பிட்டு ஒரு அதட்டு போட்டீங்கன்னா... அந்தக் கூடையை எடுத்துட்டாக்கூடப் போதும்னு...”

“கூடையை எதுக்குய்யா எடுக்கணும்? உக்கார்றவனை எடு.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அடுத்த வாரமே உருளைக்கு ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கொட்டாவியும் போனான். இருந்தவர்களுக்குச் சம்பளம் கூடவில்லை. துணி வண்டி மட்டும் கூடியது.

நெட்டையோடு உருளைக்கு முன்னால் நிற்கும் வெடியக்கா மாடிப்படி ஏறி வந்தாள். எடுத்த எடுப்பில் வெடிப்பவள் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு அவள் வெடிக்கவில்லை. அதுதான் மேனேஜரைப் பயமுறுத்தியது.

“ஐயாகிட்ட என்ன சார் சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன்.”

“உள்ளதுல பாதியைச் சொன்னீங்க. உக்காந்ததைச் சொன்னீங்க. எந்திரிச்சு வந்ததைச் சொன்னீங்களா?”

அவள் கண்ணாடி வழியாகக் கீழே ஒருமுறை பார்த்தாள். “இங்கேருந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஆனா ஒண்ணும் கேக்காதுபோல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் இரண்டு மூன்று நாள் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடை காலியாகக் கிடந்தது. பாட்டு நின்றது. சாப்பாட்டு வட்டத்தில் யாருக்கும் பேசத் தெம்பில்லை. அப்பாடா, இப்போது எல்லாரும் என்னைப்போலத்தான் என்று நினைத்தான். பொறாமைக்காரனின் சந்தோஷம் பக்கத்து வீட்டுக் கூரை எரியும்போது குளிர்காய்கிற சந்தோஷம். காற்றுத் திரும்பினால் தன் கூரையும் போகும்.

வீட்டில் அவன் மனைவி விடவில்லை.

“அவங்க சிரிச்சா உங்களுக்கு ஏங்க எரியுது?”

“எரியலடி. நான் மாடா உழைக்கிறேன். அவங்க சோம்பேறித்தனமா...”

“சோம்பேறிங்களா? அப்ப அந்த விரிப்பெல்லாம் தானா மடிஞ்சு, தானா லாரியில ஏறுதாக்கும்?” அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். “முதமுதல்ல அந்தக் கூடையில உக்காந்தது யாரு? நீங்கதானே? மயங்கி உருளை மேல சாயப் போன உங்களை இழுத்துட்டுப் போய்க் காத்துல உக்கார வச்சது யாரு? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? நெட்டை அண்ணன் அன்னைக்கு இழுக்கலேன்னா எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்திருக்க மாட்டாரு.”

அவன் எழுந்து முகம் கழுவப் போனான். குழாயில் தண்ணீர் ஒழுகாமல் நன்றாக வந்தது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், உச்சி வெயில் தகரக் கூரைமேல் ஏறி நின்ற நேரத்தில் அது நடந்தது. நெட்டை காலையிலிருந்து உட்காரவில்லை. ஈர விரிப்பை உருளை வாயில் கொடுத்தவன் லேசாகத் தள்ளாடினான். அந்த இடத்தில் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி எப்போதோ உடைந்து, ‘அடுத்த மாசம் பாக்கலாம்’ என்ற பதிலோடு நின்றிருந்தது. விரிப்போடு அவன் விரல்களும் உள்ளே போயின.

வெடியக்கா அலறிக்கொண்டு அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பின்னால் மடிக்கிற இருவருக்கும் உருளை மறைத்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பிடி பின்கதவை ஒட்டிய தூணில் இருந்தது. கூடையில் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டினால் எட்டும் இடம். கூடையில் யாரும் இல்லை.

நெட்டை தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தான்.

“டேய்! நிறுத்துடா! நிறுத்துடா டேய்!”

எத்தனையோ வருடமாக அந்த வாயிலிருந்து ஒரு ‘டேய்’ வராதா என்று ஏங்கியவன் மேனேஜர். அது இப்படியா வர வேண்டும்? படிகளில் உருண்டும் புரண்டும் இறங்கி, கூடத்தின் குறுக்கே ஓடி, அந்தப் பிடியைத் தொங்கி இழுத்தான். உருளை நின்றது. அதற்குள் நெட்டையின் வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தது. வெண்மை மாறாத விரிப்பில் சிவப்புப் பரவியது.

சாயங்காலம் ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். வராந்தா முழுக்க ஆலை ஆட்கள். வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் வந்திருந்தார்கள். கொட்டாவி கட்டிலருகே நின்று நெட்டைக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் காலைப் பிடித்துவிட்டார், ஒருவர் விசிறினார், மருந்து வாங்க இருவர் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேனேஜர் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவன் மனசுக்குள், வெட்கம் கெட்ட அந்தப் பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது. கை வெந்து கிடப்பவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். தன்னையே காறித் துப்பலாம்போல இருந்தது. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிட்டான்.

மறுநாள் விடியலில் பாய்லர் உறுமவில்லை. மொத்த ஆட்களும் ஆலை வாசலுக்கு வெளியே தரையில், மதில் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அனுப்பியவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், உருளைக்கு ஐந்து பேர் வேண்டும், நெட்டையின் வைத்தியத்தை ஆலை ஏற்க வேண்டும், அதுவரை உள்ளே வரமாட்டோம் என்று வெடியக்கா உரக்கச் சொன்னாள்.

முதலாளி மேனேஜரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கவர்மெண்டுலேருந்து ஆலை ஆய்வாளர் அம்மா வந்துக்கிட்டிருக்காங்க. நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னைக்கு எங்கிட்ட சொன்னியே, வேலையில அக்கறை இல்லாதவங்கன்னு, அதையே சொல்லு. அவன் விளையாட்டுத்தனம், கையை விட்டுட்டான். முடிஞ்சுது.”

“அப்ப நெட்டையோட வைத்தியம்?”

“அவன் தப்புன்னா அவன் செலவு. வேலையும் கிடையாது. இங்க பாரு, வெளியாளுங்க லாரியில வராங்க. மத்தியானம் மெஷின் ஓடும். நீ எப்பவும் நம்ம ஆளு.”

தன் வார்த்தையை முதலாளி இவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்திருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பொறாமையில் கக்கிய சொல் இப்போது நெட்டையின் கழுத்துக்குக் கயிறாகத் திரித்து வைக்கப்பட்டிருந்தது. முடிச்சைப் போட வேண்டியவன் இவன்.

ஆய்வாளர் வந்தாள். நடுவயதுக்காரி, அதிகம் பேசாதவள். உருளையை, உடைந்த கம்பியை, தூணிலிருந்த பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினாள்.

“எப்படி நடந்துச்சு? அவர் கவனக்குறைவுன்னு உங்க முதலாளி சொல்றாரு.”

மேனேஜருக்கு வாடகை, பிள்ளையின் படிப்பு, அந்தக் கண்ணாடி அறை எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன.

“கவனக்குறைவு இல்லீங்க. மயக்கம். காலையிலேருந்து அவனை யாரும் உக்கார விடல.”

“டேய்!” என்றார் முதலாளி.

“முன்னெல்லாம் மாறி மாறி ஒருத்தர் அங்க உக்காருவாங்க அம்மா. உக்காந்தவங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் அந்தப் பிடி. உக்காந்தவங்க கண்ணு தெளிவா இருக்கும், மெஷின் மேலேயே இருக்கும். அந்த அஞ்சாவது ஆள் இருந்தவரைக்கும் இங்க ஒரு விரல் நசுங்கினதில்ல. அவங்களைச் சோம்பேறின்னு சொல்லி எடுக்க வச்சது நான்தான்.”

“விஷயம் தெரிஞ்சே ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பொறாமைங்க.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “பொறாமையா? இந்தப் பஞ்சப் பரதேசிங்க மேலயா? அப்படி என்னய்யா இருக்கு அவங்ககிட்ட?”

“அது ஐயாவுக்குத் தெரியாதுங்க” என்றான் மேனேஜர். இத்தனை வருடத்தில் அவரிடம் அவன் கூசாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

கம்பி மாட்டும்வரை அந்த உருளை ஓடக் கூடாது, மற்றதை மேலே சொல்லி முடிவெடுக்க நாளாகும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனாள். அவளுடைய வண்டி தெருமுனை திரும்புவதற்குள், “சாவிக்கொத்தை வச்சுட்டு ஓடு” என்றார் முதலாளி.

வெறுங்கையோடு வாசலைத் தாண்டி வந்தான். வெடியக்கா எழுந்து நின்று இடுப்பில் கைவைத்தாள்.

“வேலை போனதால இந்தப் பக்கம் வந்தீங்களா சார்? இல்ல, இந்தப் பக்கம் வந்ததால வேலை போச்சா?”

“இந்தப் பக்கம் வந்ததால.”

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. நெட்டையின் மனைவி கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் அழுது வீங்கிய கண்களால் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அண்ணே, அவர் கை இனிமே பழையபடி ஆகாதாம். உங்களை மன்னிக்கிற தெம்பு எனக்கு இன்னைக்கு இல்ல. அது வேற கணக்கு, அப்புறம் பாத்துக்கலாம். இப்ப வெயில்ல நிக்காதீங்க. வரிசைக்கு வாங்க.”

அவன் வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். தோளில் யாரும் கை போடவில்லை. தள்ளி உட்காரவும் இல்லை.

அப்போதுதான் லாரி வந்தது. பின்னால் ஆணும் பெண்ணுமாக நிறையப் பேர், மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாதவர்களின் முகம். வழியை மறித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து லாரி முனகி நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இங்க மேனேஜர் யாருங்க? அவரைத்தான் பாக்கச் சொன்னாங்க.”

எல்லாத் தலைகளும் வரிசையின் ஓரத்துக்குத் திரும்பின.

“நான்தாங்க” என்றான் அவன். எழுந்து லாரியின் அருகே போனான். “என்ன வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?”

“மெஷின்ல துணி குடுக்கணும்னாங்க. நாலு பேர் வேலையாம்.”

“அஞ்சு பேர் வேலைங்க அது. நாலு பேரா செஞ்சதுல, துணி குடுத்தவன் கை நேத்து உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கான். இங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாம் அவனுக்காகத்தான் உக்காந்திருக்காங்க. உங்களை உள்ள அனுப்புற வேலை என்னுது. நான் அனுப்ப மாட்டேன்.”

முதலாளி கம்பிக் கதவுக்குள்ளிருந்து கத்தினார். “அவன் பேச்சைக் கேக்காதீங்க! அவன் மேனேஜரே கிடையாது. இப்பத்தான் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினேன்!”

மீசைக்காரர் கம்பிக் கதவைப் பார்த்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு லாரிக்குள் திரும்பிச் சொன்னார்:

“கேட்டுக்கிட்டீங்களா? மேனேஜருக்கே இங்க இந்தக் கதியாம். நம்மளுக்கு என்ன கதியோ?”

லாரிக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. கூலி என்னாவது என்று டிரைவர் கத்தினான். மீசைக்காரர் பின்பலகையின் கொக்கியைத் தட்டிவிட்டார். பலகை தடாரென்று விழுந்தது.

முதலில் அவர் இறங்கினார். பிறகு, சோற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் காலைக் கீழே தொங்கவிட்டாள். உயரம் அதிகம். வெடியக்கா ஒரு பக்கம் கை கொடுத்தாள். இன்னொரு பக்கம் மேனேஜர் கை கொடுத்தான்.